புல்தரைக் காளான்

என் அம்மா தங்கமணியை, போன ஐப்பசியில், நாற்பது இலை போட்டிருந்த கூடத்தில் வைத்து, விஷம் வைத்தவள் என்று சொன்னவர் என் பெரியம்மா சரோஜினி. முதலில் இதை முன்னால் நிறுத்தி வைக்கிறேன், மற்றதெல்லாம் இதற்குப் பின்னால் நிற்கட்டும். ஏனென்றால் அதே பெரியம்மா, செத்துப்போன என் அப்பாவின் அண்ணன் மனைவி, ஒரு வருஷமாக எங்கள் வாசலைத் திரும்பிப் பார்க்காதவர், இன்று காலை பத்தேகாலுக்கு இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரில் இருக்கிற சின்னக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, தட்டு நிறையக் காளானை நீட்டி, "அம்மிணி, நீ காலேஜ்ல காளானப் பத்தித்தானே படிக்கற, இது நல்லதா கெட்டதான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லு கண்ணு" என்றார். கண்ணு! நானும் வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன்? 'எங்க வீட்டுக் கை பட்டா வெஷமாயிருமுங்களே, பரவால்லீங்களா பெரியம்மா' என்று கேட்டிருக்கலாம். குளிக்கும்போதும் பஸ்ஸில் தொங்கும்போதும் இந்த மாதிரி எத்தனை வாக்கியங்களைத் தீட்டித் தீட்டி வைத்திருந்தேன், பட்டிமன்ற மேடையில் எதிரணியை எழுந்திருக்க விடாத வாய் இது, சமயம் வந்தபோது "சரிங் பெரியம்மா, ரெண்டு மணி நேரம் ஆகுமுங்க" என்றது. ரெண்டு மணி நேரமா என்று அவர் முகம் சுருங்கியது. ஈரோட்டிலிருந்து சம்பந்தியம்மா வந்திருக்கிறாராம், அதாவது பெரியம்மாவின் மகன் சஞ்சீவ் அண்ணனின் மாமியார். ராத்திரி இடி இடித்து மழை பெய்ததில் காலையில் புல்தரை முழுக்கக் காளானாம், சம்பந்தியம்மா தானே குனிந்து பறித்து, மத்தியானம் காளான் குழம்புதான் வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டாராம். "ஒரு மணிக்குச் சாப்பாடுன்னுட்டாங்க. சீக்கிரம் பாரு." பேசின நேரம் முழுக்கப் பெரியம்மாவின் ஒரு கால் கதவுக்கு அந்தப் பக்கமே இருந்தது. சமையலறை ஜன்னலில் அம்மாவின் முதுகு தெரிந்தது, அவர் பார்த்தார், அம்மா பார்க்கவில்லை, அல்லது பார்க்காத மாதிரி வெங்காயம் உரித்தாள், ஒரு வருஷமாக அம்மா அந்த வித்தையில்தான் தேறிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது பத்தே முக்கால். நன்றாக விரிந்த ஒரு குடையை எடுத்து, தண்டை ஒட்ட நறுக்கிவிட்டு, பாதி வெள்ளை பாதி கறுப்பாக ஒட்டின தாளின் மேல் கவிழ்த்து, அதற்கு மேல் எவர்சில்வர் கிண்ணத்தை மூடி வைத்திருக்கிறேன். காற்றுப் படாமல் இருந்தால் குடையின் அடி மடிப்புகளிலிருந்து மாவு மாதிரித் தூள் உதிர்ந்து தாளில் படியும். வெள்ளையா, பழுப்பா, ரோஜா நிறமா, அந்த நிறத்தை வைத்துத்தான் பாதி வழக்கு தீரும், இரண்டு காளான் பார்வைக்கு அக்கா தங்கச்சி மாதிரி இருந்தாலும் தூள் ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். கிண்ணத்தைத் தூக்கக் கூடாது. தூக்கினால் காற்றுப் படும், படம் கலையும். தூக்க வேண்டிய அவசியமும் இல்லை, எனக்குத் தெரியும். தட்டில் கிடக்கிற ஒவ்வொன்றின் தண்டிலும் வளையல் மாதிரி ஒரு வளையம், விரலால் தள்ளினால் மேலும் கீழும் நகர்கிறது. குடை மேல் பழுப்புத் திட்டுகள். எங்கள் பக்கத்துப் புற்றுக் காளான் இப்படி இருக்காது, அதன் தண்டு கீழே போகப் போக வேர் மாதிரி இளைத்துக் கறையான் புற்றுக்குள் இறங்கியிருக்கும், நகரும் வளையமெல்லாம் அதற்குக் கிடையாது. அந்த வளையத்தை நான் முதன்முதலில் பார்த்தது ஆய்வகத்தில் இல்லை, புத்தகத்தில் இல்லை, என் இலையில். பெரியம்மாவின் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு மறுநாள், சொந்தக்காரர்களுக்கு மட்டும் வைத்த பந்தியில். காளான் குழம்பு என்றால் தங்கமணிதான் என்று அவர்களே அம்மாவைக் கூப்பிட்டார்கள், விடியற்காலையில் அம்மா தோட்டத்து வரப்பெல்லாம் நடந்து மூன்று புற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தாள், எனக்கு அன்று காலை பரீட்சை, பந்திக்குத்தான் வந்து சேர்ந்தேன். குழம்பில் துண்டுகளுக்கு நடுவில் அந்த வளையம் ரப்பர் மாதிரிக் கிடந்தது. கோழிக்குடல் மாதிரி இருக்குதே என்று ஓரமாக ஒதுக்கினேன். அந்தத் துண்டை நான் வைத்திருக்க வேண்டும். ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, ஆதாரம் என்று. இலையோடு சேர்த்து மடித்துவிட்டேன், முட்டாள், முட்டாள். கைகழுவி வருவதற்குள், முதல் பந்தியிலேயே சாப்பிட்டிருந்த கோபிச் சித்தப்பா வாந்தி எடுத்தார், அடுத்து அவர் மனைவி, அடுத்து வரிசையாக ஏழு பேர், நாலு வயசுக் குழந்தை ஒன்றை ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏற்றி இரண்டு நாள் வைத்திருந்தார்கள். எச்சில் இலைகளுக்கு நடுவில் நின்று பெரியம்மா சொன்னார்: "நாங்க வீடு கட்டுனது அவளுக்கு ஆகல. பொறாமைல வெஷத்த வெச்சுட்டா." நான் கத்தினேன். வளையம் இருந்தது, புற்றுக் காளானில் வளையம் இருக்காது, வேற காளான் கலந்திருக்குது, யார் கலந்தது என்று கேளுங்கள் என்று கத்தினேன். பெரியப்பா, "ரெண்டு எழுத்துப் படிச்ச திமிரப் பாரு, அம்மாள வுட்டுப் பொண்ணு பேசறா" என்றார், எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், வளையத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை. இதுவரைக்கும் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை, எந்த மேடையிலும் சொல்வேன். ஆனால் கத்துவதற்கு முன்னால் ஒரு நொடி இருந்தது. விஷம் என்ற சொல் விழுந்ததற்கும் நான் வாயைத் திறந்ததற்கும் நடுவில் ஒரு நொடி. அந்த நொடியில் நான் திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன்? ஆறுதலுக்கா? இல்லை. சரிபார்க்கப் பார்த்தேன். அம்மாவும் அதைப் பார்த்தாள்.

பதினொன்று. கிண்ணத்தின் வளைவில் என் முகம் மூக்கு பெருத்துத் தெரிகிறது. அதற்கப்புறம் யாரும் அம்மாவை அடிக்கவில்லை, திட்டவில்லை, போலீசுக்குப் போகவில்லை, அப்படிப் போயிருந்தால்கூட நான் வாதாடியிருப்பேன். அவர்கள் செய்தது அதைவிடச் சின்னது. மாரியம்மன் நோம்பிக்கு அம்மா வைத்த பொங்கல், கோயிலில் எல்லார் பாத்திரத்தோடும் வரிசையில் இருந்தது, எல்லார் பொங்கலிலும் ஒரு கரண்டி அள்ளிக் கலந்து பிரசாதம் கொடுப்பார்கள், எங்கள் தூக்குவாளி மட்டும் மூடி திறக்காமல் திரும்பி வந்தது. மூடியின் ஓரத்தில் அம்மா சுற்றிக் கட்டியிருந்த நூல் அப்படியே இருந்தது. சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு முந்தின நாள் காய் நறுக்க உட்கார்ந்தாள், "நீங்க போய் மேடைகிட்ட உக்காருங்க்கா, அலுப்பா இருப்பீங்க" என்று யாரோ தேனாகப் பேசி அரிவாள்மணையை வாங்கிக்கொண்டார்கள். ஒரு எழவு வீட்டில், எழவு வீட்டில்கூட, அம்மா நீட்டின காப்பியை வாங்கின பொம்பளை அதைத் திண்டின் மேல் வைத்துவிட்டு அழப் போனாள். காப்பி ஆடை கட்டியது. தை மாசம் சஞ்சீவ் அண்ணனுக்குக் கல்யாணம், சொந்தச் சித்தி சீர்த்தட்டு எடுக்க வரவில்லையே என்று ஈரோட்டுக்காரர்கள் கேட்டதற்கு என்ன பதில் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும், அண்ணன் கட்டிக்கொண்டு வந்த ஹரிணி அண்ணியே ஒருநாள் மொட்டைமாடியில் துணி காயப் போடும்போது என்னிடம் கேட்டாள், "உங்கம்மா நெஜமாலுமே அப்படிச் செஞ்சாங்களா?" பழிக்கிற மாதிரி இல்லை, மழை வருமா என்று கேட்கிற மாதிரி. நான் முக்கால் மணி நேரம் பேசினேன். இத்தனைக்கும் அம்மா வாயைத் திறக்கவில்லை. ஏம்மா பேச மாட்டேங்கற, ஒரு வார்த்தை சொல்லும்மா என்றால், "வுடு, கருகீரப் போகுது" என்று அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். ராத்திரி தட்டில் எனக்குச் சோறு போட்டுவிட்டு, முதல் வாய் நான் முழுங்குகிறவரைக்கும் என்னைப் பார்ப்பாள். முன்னெல்லாம் பார்த்ததில்லை. அந்த ஒரு நொடிக்கு அப்புறம்தான்.

சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டால் என்ன. சொல்லிப் பார்க்கிறேன், மனசுக்குள்தானே. 'நல்ல காளானுங் பெரியம்மா, கொழம்பு வைங்க.' எவ்வளவு லேசான வாக்கியம். ஒரு மணிக்குச் சாப்பாடு, மூன்று மணிக்குள் ஆரம்பித்துவிடும், இது ஆளைக் கொல்கிற ஜாதி இல்லை, குடலைக் கழற்றிப் போடுகிற ஜாதி. சோபாவில் சம்பந்தியம்மா, வாஷ்பேசினில் பெரியப்பா, பட்டுப் புடவையோடு பெரியம்மா அந்தப் பளிங்குத் தரையில் உட்கார்ந்து, அப்போது நான் கதவோரம் போய் நின்றுகொண்டு, யாருங் வெஷம் வெச்சது என்று கேட்பேன். மெதுவாகக் கேட்பேன். இதை நினைக்கும்போது நாக்கில் ஒரு இனிப்பு ஊறுகிறது, நிஜமாகவே ஊறுகிறது, நான் அதை முழுங்குகிறேன். அப்புறம் ஹரிணி அண்ணி. நாலாம் மாசம். ஏற்கெனவே எதைச் சாப்பிட்டாலும் வெளியே வருகிறது என்று முகம் காய்ந்து போயிருக்கிறாள், அவளுக்கு ட்ரிப்ஸ் ஏற்றி, அப்புறமும் நிற்காமல், அப்புறம்... நிறுத்து. அவள் அன்றைக்குப் பந்தியிலேயே இல்லை. அவளுக்கு மட்டும் போன் பண்ணி அண்ணி நீங்க சாப்பிடாதீங்க என்று சொல்லலாமா? பார், திட்டம் போட ஆரம்பித்துவிட்டேன். அவர்கள் அம்மாவைப் பற்றிச் சொன்ன பொய் என்னைப் பற்றி உண்மையாகப் போகிறது, தங்கமணி மகள்தானே என்று எவ்வளவு சுலபமாக முடித்துவிடுவார்கள். ஆக, சாப்பிடக் கூடாது என்றுதான் சொல்ல வேண்டும். சொன்னால்? பெரியம்மா தட்டைக் குப்பையில் கொட்டிவிட்டுப் பருப்புக் குழம்பு வைப்பார். நல்ல புள்ள, படிச்ச புள்ள என்பார்கள். அவர்கள் வயிற்றை நான் காப்பாற்றியிருப்பேன், அம்மாவின் தூக்குவாளி அடுத்த நோம்பிக்கும் நூல் அவிழாமல் வரும்.

போன் அடிக்கிறது. பெரியம்மா. ஒரு வருஷத்தில் முதல் தடவையாக இந்த நம்பர் என் திரையில். "ஆச்சா அம்மிணி?" இன்னும் இல்லீங். குரல் தணிகிறது, எங்கோ ஒதுக்குப்புறமாக நின்று பேசுகிறார், குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம். "நல்லதில்லன்னே சொல்லீரு கண்ணு. நீ படிச்சவ, நீ சொன்னாச் சம்பந்தியம்மா கேட்டுக்குவாங்க. நாஞ் சொன்னாத் தப்பா எடுத்துக்குவாங்க." நல்லதில்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியுமுங்க பெரியம்மா? "பாத்தாத் தெரியாதா? அந்தப் புல்லுல மொளச்சது எதுதான் நல்லதா இருந்திருக்குது..." வாக்கியம் பாதியில் நின்றது. "சரி சரி, குக்கர் கத்துது" என்று வைத்துவிட்டார். இருந்திருக்குது. நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இருந்திருக்குதாம். அந்தப் புல்தரைக்கு வயசு என்ன? கிரகப்பிரவேசத்துக்கு ஒரு மாசம் முன்னால் லாரியில் கொண்டுவந்து பாய் மாதிரி விரித்த புல், அடியில் கொட்டின உரம் தெரு முழுக்க நாறியது, நான்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனேனே. இந்த வருஷம் இடி மழை நேற்றுத்தான் முதல். அப்படியென்றால் அந்தப் புல்லில் இதற்கு முன்னால் காளான் முளைத்தது ஒரே ஒரு ஐப்பசி. அது நல்லதா இல்லை என்று பெரியம்மாவுக்குத் தெரியும். எப்படித் தெரியும்? தின்று பார்த்த யாரோ வாந்தி எடுத்ததைப் பார்த்திருந்தால்தான் தெரியும். யார் எடுத்தார்கள், எப்போது எடுத்தார்கள், எந்தச் சட்டியிலிருந்து. நாற்பது இலைக்கு அம்மாவின் காளான் காணாது என்று நினைத்திருப்பார், தன் வீட்டுப் புல்லில் பவுன் மாதிரி முளைத்திருக்கிறதே, நறுக்கிப் போட்டால் ஆச்சு, அவ்வளவுதான், கெட்ட எண்ணமெல்லாம் இருந்திருக்காது, அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது, தெரியாமல் செய்தார், தெரிந்த பிறகு அம்மாவின் தலையில் கொட்டினார். இன்றைக்குச் சம்பந்தியம்மாவிடம், ஐயோ இது ஆகாது என்று அவர் சொல்ல முடியாது. எப்படித் தெரியும் சம்பந்தி என்று அந்தம்மா ஒரு கேள்வி கேட்டால் போச்சு. அதனால் என் வாய் வேண்டும். திமிர் பிடித்த வாய் இன்றைக்கு மட்டும் படித்த வாய்.

பன்னிரண்டு பத்துக்குக் கிண்ணத்தைத் தூக்கினேன். குடையை இரண்டு விரலால் மெதுவாக எடுத்தேன். வெள்ளைப் பாதியில், நடுவிலிருந்து சுற்றிலும் விரிகிற மெல்லிய கோடுகளாக, பச்சை. பாசி படர்ந்த பச்சை. குடை விரிக்கிற காளான்களில் இந்த விஷ ஜாதியைத் தவிர வேறு எதற்கும் இந்த நிறம் வராது என்று புத்தகத்தில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். சந்தோஷம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. இந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் நான் அங்கே பேசலாம், உரம், புல், மழை, வளையம், நிறம், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஒரு மணி நேரம் பேசலாம், போன வருஷம் மாதிரியே எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். அம்மா பின்னால் எங்கேயோ நிற்பாள். அப்போதுதான் இது வந்து மாட்டியது, முள் மாதிரி, எவ்வளவு இழுத்தாலும் வராமல்: இந்த ஒரு வருஷத்தில் அம்மாவிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. பெரியம்மா சொன்னார், பெரியப்பா சொன்னார், ஊர் சொன்னது, நான் அத்தனை பேருக்கும் பதில் சொன்னேன். அன்றைக்குச் சமையல்கட்டில் என்ன நடந்தது என்று, என்னையும் சேர்த்து, ஒருத்தரும் கேட்கவில்லை. பேசு பேசு என்றேனே தவிர, கேட்டேனா? முகத்தை மட்டும்தான் பார்த்தேன். தாளை மடித்து நோட்டுக்குள் வைத்தேன்.

நடுக்கதவு திறக்கிற சத்தம். பெரியம்மா மட்டும் இல்லை, முன்னால் பெரிய உருவம், கையில் விசிறிக்குப் பதில் செய்தித்தாள். "எங்கீங் அந்த டாக்டரு? ரெண்டு காளானப் பாக்கறதுக்கு ரெண்டு மணி நேரமா, புள்ளைப் பேறே பாத்தரலாம் போல இருக்குதே!" சம்பந்தியம்மா சிரிக்கிறார், வஞ்சனை இல்லாத சிரிப்பு, பின்னால் பெரியம்மா என் கண்ணைத் தேடித் தலையை லேசாக அசைக்கிறார், இல்லை என்று சொல் என்று. நான் தட்டை எடுத்துச் சம்பந்தியம்மாவிடம் நீட்டினேன். "நான் பொஸ்தகத்தப் பாத்துப் படிச்சவங்க. மண்ணுல பாத்துப் பழகுனது எங்கம்மாதானுங்க. எங்கம்மாளக் கேளுங்." சிரிப்பு அப்படியே நின்றது. "உங்கம்மாவா... அவங்கதானுங்களே அந்த..." ஆமாங், அவங்கதான் என்றேன். "அவளுக்கென்னத்தத் தெரியும், நீயே சொல்லு அம்மிணி" என்றார் பெரியம்மா, அவசரமாக. "நான் ஒண்ணும் சொல்றதா இல்லீங் பெரியம்மா. கொழம்பு வெக்கறதுன்னா வெச்சுக்குங்க. அண்ணிக்கும் ரெண்டு கரண்டி சேத்து ஊத்துங்க." என் குரல்தானா இது. பெரியம்மா அம்மாவைக் கேட்காமல் தட்டை வாங்கிக்கொண்டு போனால் நான் ஓடிப் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டுவேன், அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியக் கூடாது. "ஏனுங் சம்பந்தி, கேட்டாத்தான் என்னங்?" என்று சம்பந்தியம்மா பெரியம்மாவை விநோதமாகப் பார்த்துவிட்டு, உள்ளே எட்டி, "ஏனுங்க..." என்று கூப்பிட வாயெடுத்தார். "நீங்க வேண்டாமுங்க. பெரியம்மாவே கேக்கட்டுங்க" என்றேன். அதற்குள் அம்மா வந்துவிட்டாள், எல்லாம் காதில் விழுந்திருக்கும், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வாசற்படியில் நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, இந்தத் தடவை வேண்டுமென்றே பார்க்கவில்லை, பெரியம்மாவைப் பார்த்தேன். சம்பந்தியம்மா காத்திருந்தார். செய்தித்தாள் அசையவில்லை. "தங்கமணி" என்றார் பெரியம்மா, ஒரு வருஷத்துக்கு அப்புறம் அந்தப் பெயர், "இது... ஆகுமா ஆகாதா?" அம்மா ஒரு காளானை எடுத்தாள். கவிழ்த்துப் பார்க்கவில்லை, முகரவில்லை, கட்டை விரலால் அந்த வளையத்தை ஒரு தள்ளுத் தள்ளினாள், தட்டிலேயே திரும்ப வைத்தாள். பெரியம்மாவைப் பார்த்து, அவள் எப்போதும் பேசுகிற அதே மரியாதையோடு, சத்தம் கூட்டாமல் சொன்னாள்: "ஆகாதுங்க்கா. போன வருசம் நீங்க கூடையில கொண்டாந்து சட்டில போடப் போனப்பவும் இதையேதானுங்களே சொன்னேன்."